'ஃப்ளை' எபிசோடை அப்பாவுக்குப் போட்டுக்காட்டாமல் தாண்டிவிடலாமா?

வாத்தியார்வீட்டுப்பெண் (கேள்வி)

'ப்ரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொடரை இனிமேல்தான் பார்க்கப் போகிறேன் என்பவர்கள் இப்போதே வெளியேறிவிடுங்கள். கீழே கதை முழுக்கச் சிந்திக் கிடக்கும்.

என் அப்பா கும்பகோணத்தில் மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 74. சென்ற தை மாதத்திலிருந்து நானும் இங்கே அவருடன்தான் இருக்கிறேன். பகலெல்லாம் எனக்கு மடிக்கணினியில் வேலை, அவருக்குச் செய்தித்தாளும் கொல்லையும். மாலை ஏழு மணிக்கு இரவு உணவு. ஏழரைக்கு ஒரு எபிசோட். ஒன்றே ஒன்று. எவ்வளவு பரபரப்பான இடத்தில் நின்றாலும் அடுத்ததைப் போட விடமாட்டார். "பாடவேளை முடிந்தது" என்று எழுந்துவிடுவார்.

தொலைக்காட்சித் தொடர் என்றாலே முகம் சுளிப்பவரை இதன் முன்னால் உட்கார வைத்தது ஒரே ஒரு வாக்கியம்: "அப்பா, இதில் கதாநாயகன் பள்ளிக்கூட கெமிஸ்ட்ரி வாத்தியார்." அன்றைக்கே பரணிலிருந்து நீளமான அட்டை நோட்டு ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். இப்போது ஒவ்வொரு எபிசோடுக்கும் வரிசை எண், பெயர், பத்துக்கு மதிப்பெண், குறிப்பு, எல்லாம் சிவப்பு மையில்.

இரண்டாவது எபிசோடில் பிணத்தைக் கரைக்க, கதாநாயகனின் பழைய மாணவனும் கூட்டாளியுமான ஜெஸ்ஸி ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைக் குளியல் தொட்டியில் ஊற்றி, தொட்டியும் தரையும் சேர்ந்து கீழே இடிந்து விழும் அல்லவா? நாங்கள் எல்லோரும் அலறிய இடம். அப்பாவின் குறிப்பு: "பாலித்தீன் தொட்டி வாங்கச் சொன்னார் ஆசிரியர். மாணவன் கவனிக்கவில்லை. 6." முதல் சீசன் கடைசியில் அவர்கள் இருவரும் காய்ச்சும் போதைப்பொருள் நீல நிறத்தில் வந்தது. "தூய பொருளுக்கு நிறம் ஏது? படிகம் நிறமில்லாமல் அல்லவா இருக்க வேண்டும்?" என்று கொதித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு எபிசோடுக்கும் நீலத்துக்காக ஒரு மதிப்பெண் பிடித்தம். ஆகவே எங்கள் வீட்டில் எந்த எபிசோடும் ஒன்பதைத் தாண்ட முடியாது.

அந்த ஒன்பதை வாங்கியது இரண்டாம் சீசனின் '4 டேஸ் அவுட்'. பாலைவனத்தில் வண்டி நின்றுபோய், கதாநாயகன் வால்டர் ஒயிட் துத்தநாகமும் பாதரச ஆக்சைடும் கிராஃபைட்டும் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் நனைத்த பஞ்சை நடுவில் வைத்து மின்கலம் செய்வாரே, அது. அப்பா எழுந்து நின்றே பார்த்தார். "மின்னழுத்தம் வரும். வண்டி மோட்டாரைச் சுழற்றும் அளவுக்கு மின்னோட்டம் வருமா என்றால் வராது. பரவாயில்லை, செய்முறையை வரிசையாகச் சொன்னான்" என்றார். தொடரில் மொத்தம் 62 எபிசோடுகள் என்று கேட்டதும், "தனிமங்களில் 62 என்றால் சமாரியம்" என்று சொல்லிவிட்டுக் கையலம்பப் போனவர் அவர்.

சிக்கலுக்கு வருகிறேன். நாளை மறுநாள் மூன்றாம் சீசன் பத்தாவது எபிசோட், 'ஃப்ளை'. ஆய்வகத்துக்குள் ஓர் ஈ நுழைந்துவிடுகிறது. வால்டரும் ஜெஸ்ஸியும் அதை அடிக்கப் பார்க்கிறார்கள். நாற்பத்தேழு நிமிடம் இதுதான். என் தம்பி இதோடுதான் தொடரையே நிறுத்தினான். அப்பாவும் நோட்டை மூடிவிட்டால் எங்கள் மாலை நேரம் போயிற்று. ஒன்பதிலிருந்து நேராகப் பதினொன்றுக்குப் போனால் கதை புரியாமல் போகுமா? தொடரை முழுதாகப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாவி

தாராளமாகத் தாண்டுங்கள். ரசிகர்கள் மதிப்பெண் போடும் ஐஎம்டிபி தளத்தில் இந்தத் தொடரிலேயே மிகக் குறைவான மதிப்பெண் இதற்குத்தான், எட்டைக்கூடத் தொடவில்லை. கதை ஓர் அங்குலம் நகராது. வால்டர் ஷூவைக் கழற்றி ஈயின் மேல் எறிகிறார், விளக்கு உடைகிறது. கம்பியைப் பிடித்து எட்டுகிறார், கீழே விழுகிறார். இதைப் பார்க்கச் சந்தா எதற்கு? எங்கள் தெரு மீன் கடைக்காரர் நாள் முழுக்க இலவசமாகச் செய்கிறார்.

சீன்_நம்பர்_14

கொட்டாவி அண்ணன் சொன்ன மதிப்பெண் சரி. அதே தளத்தில் பல ஆண்டுகள் பத்துக்குப் பத்து வைத்திருந்த, இதே தொடரின் 'ஓஸிமாண்டியாஸ்' எபிசோடை இயக்கியவர் யார்? ரியான் ஜான்சன். 'ஃப்ளை'யை இயக்கியவர்? அவரேதான். எழுத்திலும் அப்படியே: 'ஓஸிமாண்டியாஸ்' எழுதிய மொய்ரா வாலி-பெக்கெட்தான் சாம் கேட்லினுடன் சேர்ந்து 'ஃப்ளை'யையும் எழுதினார். ஒரே கைகள் செய்த இரண்டு பொருள்கள், ஒன்று உச்சியிலும் ஒன்று அடியிலும் இருக்கின்றன. திறமைக் குறைவால் வந்த எபிசோட் இல்லை என்பதை மட்டும் முதலில் ஒப்புக்கொள்வோம்.

வந்தது பணக்குறைவால். மூன்றாம் சீசனில் அவர்கள் கணக்குக்கு மேல் செலவழித்துவிட்டார்கள். படப்பிடிப்புக் குழுவும் வண்டிகளும் இடம் மாறுவதுதான் பெரிய செலவு. ஏற்கெனவே கட்டிய ஆய்வக செட்டுக்குள் இரண்டே நடிகர்களை வைத்து ஓர் எபிசோடை முடித்தால் அந்தப் பணம் மிஞ்சும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் இப்படி எடுப்பதை 'பாட்டில் எபிசோட்' என்பார்கள்.

இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நான் சென்னையில் ஆறு வருடம் நெடுந்தொடர்களில் உதவி இயக்குநராக இருந்தேன். எங்களுக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. எங்களுக்கு எல்லாமே பாட்டில்தான். வளசரவாக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடிப்போம். அந்தக் கூடம்தான் மாமியார் வீடு. திரைச்சீலையை மாற்றினால் வக்கீல் வீடு. மாடிப்படிக்குக் கீழே மேசையைப் போட்டால் காவல் நிலையம்.

ஒரு நாள் ஊருக்கு வெளியே கோயில் திருவிழாக் காட்சி எடுக்க வேண்டும். விடியற்காலையிலிருந்து மழை. அண்ணனாக நடிப்பவர் கால்ஷீட் குழப்பத்தில் வரவில்லை. மறுநாள் மாலைக்குள் எபிசோட் போய்ச் சேர்ந்தாக வேண்டும். வசனம் எழுதுபவர் மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே எழுதினார்: மாமியாரும் மருமகளும் சரக்கறைக்குள் போகிறார்கள், தாழ்ப்பாள் வெளியே சிக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான் எபிசோட். இரண்டு விளக்கு, ஒரு கேமரா. சத்தம் பதிவாகும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டோம். வியர்வைக்கு ஒப்பனைக்காரர் தேவைப்படவில்லை.

மாமியாராக நடித்த அம்மா நாடக மேடையிலிருந்து வந்தவர். இருநூறு எபிசோடுகளாக அவரைச் சாம்பாரில் எதையாவது கலக்க வைத்துக்கொண்டிருந்தோம். அன்று அவராகவே ஒரு முறத்தை எடுத்து, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பேச ஆரம்பித்தார். இந்த வீட்டுக்குத் தான் மருமகளாக வந்த முதல் வாரத்தைப் பற்றி மெதுவாகச் சொன்னார். முகத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. வெட்டாமல் முழுதாக எடுத்தோம். ஒளிப்பதிவாளர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துத் துண்டால் துடைத்ததை நான் பார்த்தேன்.

வேடிக்கை அடுத்த மாதம் நடந்தது. செலவு குறைந்ததில் தயாரிப்பாளருக்கு ஏக மகிழ்ச்சி. மாதம் ஒன்று இப்படி எடுங்கள் என்றார். இரண்டு ஓரகத்திகளைக் குளியலறையில் பூட்டினோம். படுதோல்வி. ஏனென்றால் அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் திட்டுவதையெல்லாம் ஏற்கெனவே வெளியில் திட்டி முடித்துவிட்டார்கள். பூட்டிய அறையில் பேச மிச்சம் எதுவும் இல்லை.

'ஃப்ளை'யில் மிச்சம் இருக்கிறது. ஜெஸ்ஸியின் காதலி ஜேன் மூச்சுத் திணறிச் செத்தபோது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் வால்டர். ஜெஸ்ஸிக்கு அது தெரியாது. நமக்குத் தெரியும். ஈயைப் பிடிக்க ஜெஸ்ஸி ஏணியில் ஏறி நிற்க, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு பாதித் தூக்கத்தில் வால்டர் ஜேன் பெயரைச் சொல்லி வருத்தப்படும்போது, அடுத்த வார்த்தை வந்துவிடுமோ என்று எனக்கு உள்ளங்கை வியர்த்தது. துப்பாக்கி வெடிக்கும் எபிசோடுகளில் அப்படி வியர்த்ததில்லை. தாண்டாதீர்கள், அக்கா.

மேசை_எண்_4

ஓர் அதிசயம் சொல்கிறேன். 'ஃப்ளை' ஒளிபரப்பானது 2010 மே 23. அதற்குச் சரியாகப் பத்தொன்பது வருடம் முன்னால், 1991 மே 23 அன்று, 'சைன்ஃபெல்ட்' என்ற நகைச்சுவைத் தொடரின் 'தி சைனீஸ் ரெஸ்டாரன்ட்' எபிசோட் ஒளிபரப்பானது. ஒன்றுமே நடக்காத எபிசோடுகளுக்கெல்லாம் அதுதான் பாட்டி.

ஜெர்ரி, ஜார்ஜ், எலேன் மூவரும் ஒரு சீன உணவகத்துக்குப் போகிறார்கள். மேசை காலியில்லை, ஐந்து பத்து நிமிடம் என்கிறார் வாசலில் நிற்பவர். எபிசோட் முழுக்க அந்த ஐந்து பத்து நிமிடம்தான். ஜார்ஜுக்குத் தன் காதலியோடு தொலைபேசியில் பேச வேண்டும். பொதுத் தொலைபேசியை வேறு யாரோ பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்கள். எலேனுக்குப் பசி, முன்பின் தெரியாதவர்களின் தட்டிலிருந்து ஒரு பண்டத்தை எடுத்துத் தின்னப் பந்தயம் கட்டுகிறார்கள். கடைசியில் வெறுத்துப்போய் மூவரும் வெளியேறுகிறார்கள். கதவு மூடிய மறுகணம் "சைன்ஃபெல்ட்!" என்று ஜெர்ரியின் பெயரைக் கூப்பிடுகிறார் வாசல்காரர்.

கதையே இல்லையே என்று ஒளிபரப்பிய என்பிசி நிறுவனத்தின் நிர்வாகிகள் இதை எடுக்கவே தயங்கினார்கள். மாற்றச் சொன்னால் வேலையை விட்டுவிடுவேன் என்று தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிட் நின்றார். நான் இதை முதலில் பார்த்தது மதுரையில், அறைத் தோழனின் கணினியில். அன்று மதியம்தான் ஒரு மெஸ்ஸில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் நாற்காலிக்குப் பின்னால் இருபது நிமிடம் நின்றிருந்தேன். அவர் ரசம் முடித்து மோருக்குப் போகிறாரா, மறுபடி ரசத்துக்கே கை காட்டுகிறாரா என்று அவர் இலையையே பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அந்த எபிசோடில் ஒவ்வொரு நொடியும் புரிந்தது. நியூயார்க் போனதில்லை. போக வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் அதே தொடரில் 'தி பார்க்கிங் கராஜ்' வந்தது. கார் நிறுத்திய இடத்தை மறந்துவிட்டு நால்வரும் சுற்றுகிறார்கள். எலேன் கையில் தங்கமீன் பை, கிராமர் கையில் ஏசி பெட்டி. கடைசியில் காரைக் கண்டுபிடித்து, ஏறிக் கிளம்பிப் போவதாகத்தான் எழுதியிருந்தார்கள். படப்பிடிப்பில் நிஜமாகவே கார் கிளம்பவில்லை. எழுத்தாளர் எழுதியதைவிட அது நன்றாக இருந்ததால் அப்படியே வைத்துவிட்டார்கள். உள்ளே இருப்பவர்கள் சிரிப்பை மறைக்கப் படும் பாடு தெரியும், கவனித்துப் பாருங்கள்.

ஆனால் சீன்_நம்பர்_14 தம்பியிடம் எனக்கு ஒரு கருத்து வேறுபாடு. சொல்லாமல் வைத்திருக்கும் ரகசியம் வேண்டும் என்கிறீர்கள். நகைச்சுவைக்கு அது வேண்டாம். 'ஃப்ரெண்ட்ஸ்' நகைச்சுவைத் தொடரின் மூன்றாம் சீசனில் ராஸ் எல்லோரையும் விருந்துக்குக் கிளப்பப் படாத பாடு படும் எபிசோடில் என்ன ரகசியம் இருந்தது? ஒரு நாற்காலிச் சண்டை. அந்த நாற்காலிக்குத் தாவியதில் நடிகர் மாட் லெப்ளாங்குக்கு நிஜமாகவே தோள் நழுவியது, அடுத்த எபிசோடில் கட்டோடு வந்தார். நகைச்சுவைக்கு ஓர் அவசரம் போதும். நாடகத்துக்குத்தான் உங்கள் விதி.

கேள்விக்குப் பதில்: உங்கள் அப்பா வரிசை எண் போடுகிறவர். பத்து இல்லாமல் பதினொன்று வந்தால் கண்டுபிடிக்க மாட்டாரா?

கொட்டாவி

மாமியாரும் முறமும் நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ஈ ஈதான். 47 நிமிடம் என்பது 47 நிமிடம்தான்.

வாத்தியார்வீட்டுப்பெண்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சீன்_நம்பர்_14 எழுதியதைப் படித்துவிட்டு ஒரு பகல் முழுக்க யோசித்தேன். நான் கேள்வியை நேர்மையாகக் கேட்கவில்லை.

தம்பி நிறுத்தியது உண்மை. அப்பாவுக்கு அலுக்கும் என்பதுதான் என் பயம் என்று எழுதியது பொய். நாலரை மணி நேரம் கிரிக்கெட் டெஸ்ட் போட்டியில் யாரும் ஓட்டம் எடுக்காததைப் பார்க்கிற மனிதருக்கு ஈ எம்மாத்திரம்?

அம்மா போன ஐப்பசியில் இறந்துவிட்டார்கள். நான் இங்கே வந்ததே அதனால்தான். அப்பா அழுது நான் பார்க்கவில்லை. பேசுவதும் எப்போதும்போலத்தான். ஆனால் மாசியில் ஒரு நாள் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, தண்ணீர்க் கட்டணத்தைப் பற்றிச் சொல்லும் அதே குரலில் சொன்னார்: "2019இல் எனக்கு நெஞ்சில் அறுவை நடந்ததே, அதோடு நான் போயிருந்தால் கணக்கு சரியாக இருந்திருக்கும்." நான் கேட்காததுபோலத் தட்டு கழுவப் போய்விட்டேன். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

'ஃப்ளை'யில் வால்டர் சொல்வதும் அதுதான். தூக்க மாத்திரை கலந்த காபி வேலை செய்யத் தொடங்கியபின், தான் செத்திருக்க வேண்டிய சரியான தருணம் ஒன்று இருந்தது, அதைத் தவறவிட்டேன், தேவைக்கு மேல் வாழ்ந்துவிட்டேன் என்கிறார். எந்த இரவு என்று நாள் குறித்துத் தேடுகிறார். கணக்கு வாத்தியார்போல. நான் அந்தக் காட்சியை மூன்று முறை பார்த்திருக்கிறேன். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாலாம் முறை பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இதுதான் விஷயம்.

கொட்டாவி

என் கிண்டலுக்கு வருந்துகிறேன், சகோதரி. தாண்டுங்கள் என்று முன்பு விளையாட்டாகச் சொன்னதை இப்போது நிஜமாகவே சொல்கிறேன். கோப்பு திறக்கவில்லை என்று ஒரு பொய் சொன்னால் போதும். என் அம்மாவிடம் இப்படி நான் ஏகப்பட்ட பொய் சொல்லியிருக்கிறேன்.

சீன்_நம்பர்_14

நான் படம் எடுக்கிற கணக்கில் பேசிவிட்டேன். வீட்டுக் கணக்கு உங்களுக்குத்தான் தெரியும். ஒன்று மட்டும். அந்தச் சரக்கறை எபிசோடைப் பார்த்த என் பாட்டி தொலைக்காட்சியை அணைத்துவிட்டு என் அம்மாவிடம் ஏதோ கேட்டார்களாம். என்ன என்று அம்மா இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. இருவரும் அன்று சாப்பிட நேரமாகிவிட்டதாம்.

வாத்தியார்வீட்டுப்பெண்

நேற்று போட்டேன்.

பொய் சொல்லத்தான் தயாராக இருந்தேன். ஆனால் உணவு முடிந்து நான் வருவதற்குள் நோட்டில் "சீசன் 3, எண் 10" என்று எழுதிக் கோடு போட்டு வைத்திருந்தார். மேசை_எண்_4 சொன்னது பலித்துவிட்டது.

ஆரம்பத்தில் ஈயை மிக நெருக்கத்தில் காட்டி, பின்னால் ஒரு பெண் குரல் தாலாட்டுப் பாடும். "யார் பாடுவது?" என்றார். வால்டரின் மனைவி ஸ்கைலர் என்றேன். அதைக் குறித்துக்கொண்டார். எதற்குக் குறிக்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

உற்பத்திக் கணக்கில் 0.14 சதவீதம் இடிக்கிறது என்று வால்டர் தூக்கமில்லாமல் தவிப்பதைப் பார்த்துச் சிரித்தார். "எங்கள் ஆய்வகத்தில் பத்து சதவீதம் போனாலும் யாரும் கேட்கமாட்டார்கள். பாதி, பையன்கள் சட்டையில் இருக்கும்." ஜெஸ்ஸி அதிலிருந்து திருடுகிறான் என்பதை அவர் முந்தைய எபிசோடிலேயே கண்டுபிடித்து எழுதிவிட்டார். "மாணவன் மீது எனக்குச் சந்தேகம் உண்டு" என்று.

ஈ விஷயத்தில் முழுக்க வால்டர் பக்கம். எல்லோரும் பைத்தியம் என்று சொல்லும் இடத்தில் அப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு, நான் இதுவரை கேட்டிராத ஒரு கதை வந்தது. பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நாள். வெளித் தேர்வாளர் வந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். காய்ச்சி வடித்த நீர் கேனுக்குள் ஒரு பல்லி. "வடிகட்டிவிடலாம் சார், யாருக்குத் தெரியும்?" என்றாராம் ஆய்வக உதவியாளர். அப்பா கேனை அப்படியே கொல்லையில் கவிழ்த்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு பேட்டரி கடைக்குப் போய்ப் புது நீர் வாங்கி வந்தாராம். தேர்வு முக்கால் மணி நேரம் தாமதம். தலைமையாசிரியரிடம் திட்டு. "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "பேட்டரி கடைக்குக் கொடுத்த பணமே அவள் கொடுத்ததுதான். பள்ளிக்கூடத்துக்கு எதிர் வீட்டில்தானே குடியிருந்தோம்" என்றார்.

ஏணிக் காட்சி வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா சொன்னது: "தூக்க மருந்து கொடுத்தவனே, அதைக் குடித்த ஆளை ஏணி பிடிக்க வைக்கிறானே, மடையன்." எட்டு ஆண்டுகளாக இந்தத் தொடரைப் பார்க்கிறேன், எனக்கு இது தோன்றியதே இல்லை.

அந்த ஏணிக் காட்சிக்குச் சற்று முன்பு, சரியான தருணம் பற்றி வால்டர் பேசும்போது அப்பா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஆங்கில எழுத்துகளைப் படிக்க அவருக்குக் கண்ணாடி வேண்டும், ஆக அவர் படிக்கவில்லை, கேட்டார். வீட்டில் உட்கார்ந்து யானைகளைப் பற்றி ஏதோ நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்த இரவு, பக்கத்து அறையில் மனைவி குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுவது கேட்டது, அந்த நொடியோடு முடிந்திருந்தால் போதும் என்கிறார் வால்டர். நான் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எபிசோட் முடிந்ததும் பாடவேளை முடிந்தது என்று சொல்லவில்லை. "முதலுக்குப் போ" என்றார். போனேன். மறுபடி அந்த ஈ, அந்தத் தாலாட்டு. ஒரு நிமிடம் கேட்டுவிட்டு நிறுத்தச் சொன்னார். "விடையை முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டுக் கேள்வியைக் கடைசியில் கேட்கிறான். எழுதியவர் கெட்டிக்காரர்." ஒருவர் இல்லை இருவர், அதில் ஒருவர் பெண் என்றேன். "அதுதான்" என்றார். எது என்று சொல்லவில்லை.

பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். அப்புறம் அவராகவே: "என்னைக் கேட்டாலும் ஒரு நாள் சொல்வேன். 1986 ஆடி. நீ பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. மின்சாரம் இல்லை. உன் அம்மா உன்னை மடியில் போட்டுக்கொண்டு ஒரு கையால் ஆட்டுக்கல்லைச் சுற்றினாள். நான் விசிறிக்கொண்டிருந்தேன்." எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "அன்றோடு போயிருக்கலாம் என்கிறீர்களா?" என்று கேட்டேன். மாசியில் கேட்காமல் விட்டதை நேற்றுதான் கேட்டேன். அவர் என்னை ஒரு மக்குப் பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அன்றோடு போயிருந்தால் உன் தம்பி எப்படிப் பிறப்பான்?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் சிரித்தார்.

மதிப்பெண் 7½. இந்த நோட்டில் அரை வந்தது இதுவே முதல் முறை. நீலத்துக்கு ஒன்று போயிற்று, ஏணிக்கு ஒன்று, அரை எதற்கு என்று கேட்டேன். கடைசிக் காட்சிக்காம். வால்டர் வீட்டில் படுத்திருப்பார், புகை எச்சரிக்கைக் கருவியின் சிவப்பு விளக்கின் மேல் ஓர் ஈ வந்து உட்காருமே, அது அப்பாவுக்குத் தெளிவாக இல்லை. ஆய்வகத்து ஈயை ஜெஸ்ஸி அடித்துவிட்டான், ஆகவே இது வேறு ஈ என்றேன். செத்ததை நீ பார்த்தாயா என்கிறார். அடித்தது தெரிகிறது, ஆனால் அதுதான் அந்த ஈ என்பதற்கு என்ன சான்று, உள்ளே ஒன்றுதான் இருந்தது என்று யார் எண்ணினார்கள் என்கிறார். அரை மதிப்பெண்ணை நிறுத்திவைத்திருக்கிறாராம், சரியான விளக்கம் கிடைத்தால் சேர்த்துக்கொள்வாராம்.

இங்கே கேட்கச் சொன்னதும் அவர்தான். அது அதே ஈயா, வேறா? இன்று ஏழரைக்கு அடுத்த எபிசோட், 'அபிக்யூ'. அதற்குள் யாராவது சொன்னால் நல்லது.

கொட்டாவி

வேறு ஈதான். சான்று வேண்டுமென்றால் அந்த எபிசோடை நான் மறுபடி பார்க்க வேண்டும். பார்க்கிறேன். சாரிடம் ஏழரை வரை பொறுக்கச் சொல்லுங்கள்.